ஒத்தையம்மி வீட்டார்

மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் படுத்தா தூக்கம் எப்படித் தாயி வரும்? இங்கிட்டுத் தள்ளி வா, அங்க ஜமுக்காளம் குத்தும். உங்க அத்தையோட மாப்பிள்ளை வீட்டுப் பய சிரிச்சுட்டான்னுதான இம்புட்டுக் கோவம்? மணவறையில அம்மி இருக்கு, குழவியக் காணோமேன்னு கேட்டான். குழவி வாங்கக்கூட வக்கில்லாத வீடான்னு கேட்டான். கேட்டுட்டுப் போறான் விடு. பந்தியில பாயசத்துக்கு அலைஞ்ச பயதான அவன், அவனுக்கு என்ன தெரியும்?

நம்ம வீட்டுப் பேரே ஒத்தையம்மி வீட்டார்தான தர்சு. பத்திரிகையில கொட்டை எழுத்துல போட்டிருக்கு பாத்தியா? அது ஏன் வந்துச்சுன்னு உங்கப்பனுக்கே பாதிதான் தெரியும். மீதியச் சொன்னா பயந்துருவான்னு சொல்லாம விட்டுட்டேன். நீ பயப்பட மாட்டீல்ல?

"மாட்டேன் அப்பத்தா."

பயப்படுவ. பரவால்ல, என் கையப் புடிச்சுக்க. ம் போடணும் ஆமா. ம் நின்னா கதையும் நின்னுரும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு கண்மாய் இருந்துச்சு. கண்மாய்க்கு ஒரு கரை இருந்துச்சு. அந்தக் கரை மட்டும் நிக்கவே மாட்டேன்னுச்சு. ஐப்பசி மழை பெஞ்சு தண்ணி முட்டி வந்ததும் மடமடமடன்னு ஒடைஞ்சுக்கிட்டுப் போகும். நெல்லு போகும், மாடு போகும், வீடு போகும். ஊரு முழுசும் கஞ்சிக்கு அல்லாடும். அந்த ஊருக்கு ஒரு ஜமீன். அவரு கோடாங்கியக் கூப்பிட்டுக் குறி கேட்டாரு. அவன் உடுக்கைய டிமுக்கு டிமுக்குன்னு அடிச்சான், "கரை காவு கேக்குது"ன்னான். சரின்னு எருமைக்கடா வெட்டி ரத்தத்த ஊத்திக் கரையக் கட்டுனாக. அந்த வருசமும் மடமடமட!

அப்புறம் மறுபடியும் கோடாங்கி. மறுபடியும் டிமுக்கு டிமுக்கு. அவன் கண்ணத் தொறக்காமயே சொல்றான், "எருமை போதாது. தலைச்சன் பிள்ளை வேணும். பேரு வைக்காத பச்ச மண்ணா இருக்கணும்."

"பச்ச மண்ணுன்னா?"

பிறந்த பிள்ளை தாயி. கைப்பிள்ளை.

"பாப்பாவையா?"

பாப்பாவைத்தான். பாத்தியா, கைய இறுக்குற. ஊரே அன்னைக்கு விக்கித்துப் போச்சு. ஆனா ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஏன்னா எல்லார் வீட்டுலயும் பசி, எல்லாருக்கும் ஜமீன்கிட்ட பயம், அதோட அன்னைக்குக் கைப்பிள்ளை இருந்தது ஒரே ஒரு வீட்டுலதான். தன் வீட்டுப் பிள்ளை இல்லேன்னா மனுசனுக்கு வாய் சீக்கிரம் ஒட்டிக்கிரும், அத ஞாபகம் வச்சுக்க.

அந்த வீட்டுக்காரி பேரு காத்தாயி. புருசன் இல்ல, அந்தப் பிள்ளை வயித்துல இருக்கும்போதே பாம்பு கடிச்சுப் போயிட்டான். அவ பிள்ளைய மஞ்சத்துணியில சுத்தித் தூக்கிக்கிட்டுக் கரைக்குப் போனா. அதுக்கு ஒரு முறை வச்சிருந்தாக பாவிக. பெத்தவதான் தன் கையால குழிக்குள்ள வைக்கணும். வேற ஆளு பிள்ளையத் தொடக்கூடாது, துணிய வெலக்கிப் பாக்கக்கூடாது. பெத்தவ அழக்கூடாது, அழுதா கரை ஏத்துக்காதாம். காத்தாயி அழல. வெறுங்கையோட திரும்பி வந்தா.

அவளுக்குப் பக்கத்து வீடுதான் பூவாயி. நம்ம பூவாயி, உனக்கு ஏழு தலைமுறைக்கு முந்துன ஆத்தா. அவ அப்போ முழுகாம இருந்தா. காத்தாயி வெறுங்கையோட வந்தத வாசல்ல நின்னு பாத்தா. ஓடிப்போய்க் கையப் புடிச்சா. "மதினி, மதினி"ன்னா. காத்தாயி அவளப் பாக்கவே இல்ல. நேரா அடுப்படிக்குப் போயி, அம்மி மேல இருந்த குழவியத் தூக்கி மடியில போட்டா. முந்தானைய எடுத்துப் போத்துனா. ஆட்ட ஆரம்பிச்சா. ஆராரோ ஆரிராரோ… ஆராரோ ஆரிராரோ… கல்லுக்குத் தாலாட்டு!

ம் போடு.

"ம்."

ஊரு, பைத்தியம் புடிச்சிருச்சுன்னு சொல்லிட்டு வேலையப் பாக்கப் போயிருச்சு. பூவாயி மட்டும் தெனமும் கஞ்சி கொண்டுபோய் ஊட்டுவா. ஊட்டும்போதெல்லாம் அந்த மடியப் பாப்பா. போத்துன துணிக்குள்ள கல்லா பிள்ளையான்னு வெளிய இருந்து பாத்தா சொல்லவே முடியாது.

அப்புறம் மழை வந்துச்சு. பிள்ளைய வாங்குன கரையாச்சே, நிக்கணுமா இல்லையா? மடமடமட! ஒடைஞ்சுக்கிட்டுப் போச்சு தாயி. எலும்புகூட மிஞ்சல.

"அய்யோ!"

அய்யோன்னு நீ சொல்ற. கோடாங்கி என்ன சொன்னான் தெரியுமா? "கரைக்கு ருசி கண்டுபோச்சு. இன்னொண்ணு கேக்குது." அப்போ பூவாயிக்குப் பிள்ளை பிறந்து, ஆம்பளைப்பிள்ளை, இன்னும் பேருகூட வைக்கல. ஜமீன் ஆளுக வந்து வாசல்ல மஞ்சத்துணிய வச்சுட்டுப் போயிட்டாக. நாளைக்கு விடிஞ்சதும் வான்னு அர்த்தம்.

பூவாயி புருசன் சடையாண்டி இருக்கானே, மலை மாதிரி ஆளு, சுவத்துல சாஞ்சு அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டான். "என்ன புள்ள செய்யிறது, எல்லையச் சுத்தி ஆளு போட்டுட்டான், ஓடவும் முடியாதே"ன்னு அழுதான். பூவாயி அழல. அவளுக்கு அழுறதுக்கு நேரமில்ல. அவ அம்மியப் பாத்தா. அம்மி மேல இருந்த குழவியப் பாத்தா.

"மச்சான், அடுப்புச் சாம்பல்ல நெருப்பு இருக்கா பாருங்க"ன்னா.

விடியுறதுக்கு முன்னாடி அந்தக் குழவியச் சூட்டுச் சாம்பல்ல புதைச்சு வச்சா. கல்லு கதகதன்னு ஆச்சு. எண்ணெய் தடவுனா, மஞ்சத் தண்ணியில குளிப்பாட்டுனா, துணியில சுத்துனா. பிள்ளைய என்ன செஞ்சா தெரியுமா? வயிறு முட்டப் பால் குடுத்துத் தூங்கவச்சு, பஞ்சாரத்தக் கவுத்தி அதுக்குள்ள படுக்க வச்சா.

"பஞ்சாரம்னா?"

கோழிய அடைக்கிற மூங்கில் கூடைடி. உள்ள ஒரு பக்கம் அடைக்கோழி, ஒரு பக்கம் நம்ம வம்சம். கொக் கொக் கொக்குன்னு கோழி முணுமுணுக்குது, பய நிம்மதியாத் தூங்குறான்.

அப்புறம் பூவாயி கல்லைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு நடந்தா. சடையாண்டி பின்னாடி நடந்தான். தப்பட்டை டண்டணக்க டண்டணக்கன்னு அடிக்குது. கரை நெடுகிலும் சனம். பொம்பளைக எல்லாம் வாயில சேலையப் பொத்திக்கிட்டு நிக்கிறாக. குழிகிட்ட போனதும் அந்தக் கோடாங்கிப்பய, முறையக் கெடுத்து, "நில்லு"ன்னுட்டான். கிட்ட வந்தான். துணி மேல கைய வச்சான்!

ஆத்தாடி, சடையாண்டிக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு. அவன் கைய அப்படியே வச்சிருக்கான். கதகதன்னு இருக்கு. "ம், சூடு இருக்கு"ன்னான். கைய எடுத்துட்டான்.

"அப்பாடா!"

அப்பாடாதான். ஆனா கேளு. அவ குனிஞ்சு குழிக்குள்ள வச்சா. மேல ஏறுனா. கூடை கூடையா மண்ணைக் கொட்டுனாக. அதுக்கு மேல அம்புட்டு ஆம்பளைகளும் ஏறி நின்னு மிதிச்சாக. தொம்… தொம்… தொம்… அந்தச் சத்தம் கேட்டதும் பூவாயி தொபுக்குன்னு விழுந்துட்டா. நடிக்கல தாயி. உள்ள இருக்கிறது கல்லுதான்னு அவளுக்குத் தெரியும். ஆனா போன வருசம் இதே தொம் தொம்முக்குக் கீழ இருந்தது கல்லு இல்லையே. அது அப்பத்தான் அவளுக்கு ஒறைச்சுச்சு. கூட்டத்துல காத்தாயி நின்னா. கண்ணு இமைக்காம அந்த மஞ்சத்துணி போன எடத்தையே பாத்துக்கிட்டு நின்னா. பூவாயியால அவ மூஞ்சிய நிமிந்து பாக்க முடியல.

தூங்கிட்டியா?

"இல்ல."

தூங்க மாட்ட, தெரியும். அப்புறம் ரெண்டு பேரும் ஊர்க்காரங்ககிட்ட, "பிள்ளைக்குக் காரியம் பண்ணக் கடலுக்குப் போறோம்"னு சொல்லிட்டுக் கெளம்புனாக. பட்டப்பகல்ல. சடையாண்டி தலையில பஞ்சாரம். பூவாயி தலையில என்ன இருந்துச்சு சொல்லு பாப்போம்?

"துணி மூட்டையா?"

அம்மி!

"அம்மியா?"

அம்மிதான். சடையாண்டி தலையில அடிச்சுக்கிட்டான். "ஏ புள்ள, உசுரக் காப்பாத்த ஓடுறோம், உனக்குக் கிறுக்கா? ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாக, நீ அம்மியத் தூக்கிக்கிட்டே பறக்கப் போறியா?" அவ கேக்கல. "நான் மிதிச்சு வந்த அம்மி இது. இத அனாதையா விட்டுட்டு வந்தா என் தாலிக்கு ஆகாது. இதுல பாதிதான் மண்ணுக்குள்ள போயி என் பிள்ளைய வெளிய தள்ளிச்சு. மீதிய நான் விடமாட்டேன்"னா. அந்தக் காலத்துப் பொம்பளைக அப்படித்தான். மிதிச்ச அம்மிய விட்டா புருசன் உசுருக்கு ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் பின்னாடி அவளப் போட்டுப் படாதபாடு படுத்துச்சு.

எல்லையில காவக்காரன் மறிச்சான். "பஞ்சாரத்துல என்னப்பா?" "கோழிங்க." அந்த நேரம் பாத்து உள்ள இருந்து, "ங்கா!" சடையாண்டிக்கு வேர்த்து ஊத்துது. உடனே அந்தக் கோழி, கொக்கொக்கொக்… கெக்கெக்கேன்னு ஒரு கத்து! காவக்காரன் பூவாயி தலையில இருந்த அம்மியப் பாத்தான், அவ மூஞ்சியப் பாத்தான். பிள்ளையக் குடுத்ததுல புத்தி பேதலிச்சிருச்சு போலன்னு பரிதாபப்பட்டு, "போங்க போங்க"ன்னுட்டான். சாகுற வரைக்கும் அந்தக் கோழிய அவுக அறுக்கல.

அப்புறம் நடந்து நடந்து மலையடி ஊரு ஒண்ணுல போயி நின்னாக. குடிசை போட்டாக. பிள்ளைக்கு வீரணன்னு பேரு வச்சாக. பக்கத்து வீட்டுக்காரி மொளகா அரைக்க வந்தா. "ஏத்தா, அம்மி இருக்கு, குழவி எங்க?" பூவாயி, "வரும்போது ஆத்துல விழுந்துருச்சு"ன்னா. அப்புறம் சந்தையில வேற குழவி வாங்கிப் போட்டா. அது சேருமா? வருசக்கணக்கா ஒண்ணோட ஒண்ணு ஒரசித் தேஞ்ச கல்லுக அதுக. அம்மியில ஒரு பள்ளம், குழவியில ஒரு தொந்தி, அதுக்கு அதுதான் பொருந்தும். புதுக்குழவிய உருட்டுனா லொடக்கு, லொடக்கு, லொடக்கு. தெரு முழுசும் கேக்கும். "ஒத்தையம்மிக்காரி அரைக்கிறா பாரு"ன்னு சிரிப்பாக. அப்படித்தான் பேரு வந்து ஒட்டிச்சு. நம்மள ஒட்டுன மொத எடம் அதுதான்.

கொஞ்ச வருசம் போச்சு. ஒரு நாள் வளையல்காரரு வந்தாரு. பூவாயி வளையலுக்குக் கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. அவரு பேச்சுவாக்குல சொல்றாரு, "அந்தப் பக்கத்து ஊர்ல ஒரு அதிசயம் கேட்டீகளா? கண்மாய்க்கரைய ஒசத்திக் கட்டணும்னு வெட்டிருக்காக. உள்ள பிள்ளை எலும்பு இருக்கும்னு பாத்தா, மஞ்சத்துணியில சுத்துன குழவிக்கல்லு!"

படக்! வளையல் ஒடைஞ்சு பூவாயி கையில ரத்தம்.

வளையல்காரரு மேல சொல்றாரு, "அட, கையத் தளர வையி தாயி. இன்னும் கேளு. ஒரு பொம்பளை அந்தக் குழவிய இடுப்புல வச்சுக்கிட்டு ஊர் ஊராப் போறாளாம். ஒவ்வொரு வீட்டு அம்மியிலயும் வச்சு உருட்டிப் பாக்குறாளாம். எந்த அம்மியில பொருந்துதோ அந்த வீட்டுக்காரியப் புடிக்கத்தான் ஜமீன் அனுப்பிருக்காருன்னு பேசிக்கிறாக."

"புடிச்சா என்ன பண்ணுவாங்க அப்பத்தா?"

என்ன பண்ணுவாகன்னு பூவாயி நினைச்சா? குடுக்காத பிள்ளைய இப்பக் குடுன்னு கேப்பாகன்னு நினைச்சா. அன்னைக்கே கெளம்பிட்டாக. சடையாண்டி தோள்ல வீரணன், பூவாயி தலையில அம்மி.

அப்புறம் ஆத்தங்கரையில ஒரு ஊரு. இந்த வாட்டி உசாரா, "நாங்க மஞ்சக்காட்டு வகையறா"ன்னு பொய்ப்பேரு சொன்னாக. சொல்லி என்ன? லொடக்கு, லொடக்கு, லொடக்கு! மூணாம் வீட்டுக் கிழவி எட்டிப் பாத்தா, "ஏத்தா, உங்க அம்மி என்ன ஒத்தையா?"ன்னா. அவ்வளவுதான். வாய்க்காத்துல பேரு பரவிருச்சு. மனுசன் நடந்து வர்றதுக்குள்ள பேரு பறந்து வந்துருதே, என்ன மாயமோ! கொஞ்ச நாள்ல, குழவிக்காரி மேலத்தெரு வரைக்கும் வந்துட்டான்னு சேதி. சடையாண்டி கெஞ்சுனான். "புள்ள, அந்தக் கல்ல ஆத்துல தள்ளிரு. உன் தாலிக்கு நான் பொறுப்பு." பூவாயி அம்மியத் தூக்கிக்கிட்டு ஆத்தங்கரை வரைக்கும் போனா. போனவ அப்படியே அதத் தலையில வச்சுக்கிட்டு ஆத்தத் தாண்டி நடந்துட்டா. அவன் என்னத்தச் செய்வான், பயலத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி ஓடுனான்.

ம் போடு.

"ம். அப்புறம்?"

அப்புறம் கடல். கடலுக்கு அங்கிட்டுப் போக மண்ணு ஏது? அங்கதான் நின்னாக. பூவாயி அம்மிய மூலையில போட்டுச் சாக்கால மூடிட்டா. பக்கத்து வீட்டு அம்மியிலதான் அரைச்சா. லொடக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஊரு பேரு எதையும் சொல்லல. இனிமே பயமில்லன்னு கொஞ்சம் நிம்மதியாத் தூங்குனாக. ஆனா ஒரு தப்புப் பண்ணிட்டாக. பேரச் சொல்லாதடான்னு பயகிட்ட சொல்லி வைக்க மறந்துட்டாக! வீரணன் இப்பப் பெரிய பய, மீசை அரும்பப்போற வயசு. கூட விளையாடுற பயலுக, "உங்க வீட்டுப் பேரு என்னடா?"ன்னு கேட்டிருக்கானுக. இவன் நெஞ்ச நிமித்தி, "ஒத்தையம்மி வீடு"ன்னுட்டான். அவனுக்கு அது பேரு. அதுக்குள்ள இருக்கிற பயம் அவனுக்கு எப்படித் தெரியும்?

ஒரு நாள் காலையில மீன்காரி ஒருத்தி வந்து வாசல்ல நின்னா. "பூவாயி, உன்னைத் தேடி ஒரு பொம்பளை வந்திருக்கா. ஒத்தையம்மி வீடு எதுன்னு பேரச் சொல்லித்தான் கேட்டா. இடுப்புல ஒரு மூட்டை வச்சிருக்கா."

பூவாயி ஓடிப்போய்ச் சாக்க உருவுனா. அம்மியத் தூக்கித் தலையில வச்சா. கடலப் பாத்து ஓடுனா. ஓ… ஓ…ன்னு அலை வருது. முழங்கால் தண்ணி, இடுப்புத் தண்ணி. தாலியாவது ஒண்ணாவது, பிள்ளை பெருசுன்னு கைய ஓங்குனா.

"பூவாயி, அதக் கீழ வை."

பின்னாடி குரல். பழகுன குரல். திரும்பிப் பாத்தா, தலையெல்லாம் நரைச்சு, காலெல்லாம் வெடிச்சு, எலும்பும் தோலுமா ஒரு பொம்பளை. யாரு சொல்லு?

"…காத்தாயியா?"

காத்தாயிதான். பூவாயி அலையில தடுமாறிட்டா. "மதினி! நீயா? நீயா மதினி எங்களக் காட்டிக்குடுக்க வந்த?" சத்தங்கேட்டு சடையாண்டி துடுப்பத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தான், வீரணன் அவன் பின்னாலயே வந்தான். காத்தாயி ஒருத்தரையும் பாக்கல. "அம்மியக் கீழ வை"ன்னு மட்டும் சொன்னா.

பூவாயி கரையேறி வந்து மணல்ல அம்மிய வச்சா. காத்தாயி குத்தவச்சு உக்காந்து மூட்டையப் பிரிச்சா. அதே மஞ்சத்துணி, மண்ணுக்குள்ள கெடந்து சாயம் போயிருக்கு. உள்ள இருந்த குழவிய எடுத்து அம்மி மேல வச்சு உருட்டுனா.

சர்ர்ர்ர்ர்…

லொடக்கே இல்ல தாயி. எண்ணெயில வழுக்குற மாதிரி போச்சு. போயி வந்துச்சு. சர்ர்ர்ர்ர்…

சடையாண்டி துடுப்ப ஓங்கி, "ஜமீன் ஆளுக எங்க? எத்தனை பேரு வந்திருக்காக?"ன்னான்.

காத்தாயி அவன நிமிந்து பாத்தா. "எந்த ஜமீன்? இந்தக் கல்லு வெளிய வந்த அன்னைக்கு, பிள்ளை இல்லாமலே கரை நின்னிருக்கேன்னு ஊரே திரண்டு போயி அரண்மனை வாசல்ல நின்னுச்சு. கோடாங்கி ஓடுனவன் இன்னும் திரும்பல. ஜமீன் வெளிய தலைகாட்டவே இல்ல. அதுக்கப்புறம் ஒரு கரைக்கும் ஒரு பிள்ளையும் போகல. உங்கள ஒருத்தரும் தேடலப்பா. நான் மட்டுந்தான் தேடுனேன்"னா.

துடுப்பு கீழ விழுந்துருச்சு. இத்தனை வருசம் ஓடுனது யாருக்குப் பயந்து? ஆருமே தொரத்தல!

"அப்ப ஏன் மதினி தேடுன?"ன்னு பூவாயி கேட்டா.

காத்தாயி உருட்டுறத நிறுத்துனா. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான். என் பிள்ளைய வச்சுக் கட்டுன கரை ஒடைஞ்சு போச்சு. உன் கல்ல வச்சுக் கட்டுன கரை இன்னும் நிக்கிது."

நின்னது கல்லாலயா என்ன? அடுத்து யார் வீட்டுப் பிள்ளையோன்னு பயந்துபோயி, அந்த வருசம்தான அம்புட்டுப் பேரும் ஒழுங்கா மண்ணை மிதிச்சாக! மொத வருசமே அப்படி மிதிச்சிருந்தா… சரி, விடு. காத்தாயி பூவாயி சேலையக் கொத்தாப் புடிச்சுக்கிட்டா. "என் வீட்டுலயும் அம்மி இருந்துச்சேடி. என் வீட்டுலயும் குழவி இருந்துச்சே. என் கையாலயே கொண்டுபோய் வச்சேனே. உனக்குத் தோணுனது எனக்கு ஏன்டி தோணல? அத மட்டும் சொல்லு. அதக் கேக்கத்தான் இந்தக் கல்லத் தூக்கிக்கிட்டு அம்புட்டு ஊரும் நடந்தேன். உனக்கு எப்படித் தோணுச்சு? யாரு சொல்லிக் குடுத்தா?"

அழாத தாயி. இன்னும் இருக்கு, கேளு.

பூவாயி காத்தாயி கால்ல விழுந்துட்டா. "நீதான் மதினி சொல்லிக் குடுத்த. உன் பிள்ளை போன அன்னைக்கு நீ குழவிய மடியில போட்டுத் துணியப் போத்தி ஆட்டுனியே, அத நான் பாத்துக்கிட்டே இருந்தேனே. உன் மடியப் பாத்துத்தான் எனக்குத் தோணுச்சு. நீ ஆட்டலேன்னா நானும் என் பிள்ளையக் குடுத்துட்டு வெறுங்கையோடதான் வந்திருப்பேன்"னா.

காத்தாயி, அன்னைக்குக் கரையில அழாதவ, அத்தனை வருசமும் அழாதவ, ஓ…ன்னு கத்துனா பாரு, கடல் சத்தமே கேக்கலையாம். அவ அழுகைக்கு ஊரே கூடிருச்சு.

அழுது ஓஞ்ச பிறகு, அவ குழவிய எடுத்து பூவாயிகிட்ட நீட்டுனா. "இந்தா, உன் பொருளு. சேத்து வச்சுக்க." பூவாயி வாங்கல. அந்த மஞ்சத்துணிய எடுத்து அவளே குழவியச் சுத்தி, திரும்பக் காத்தாயி மடியில வச்சா. "இது என் குழவி இல்ல மதினி. இத நீ எத்தனை வருசமா இடுப்புல சுமந்திருக்க? இது உங்கிட்டதான் இருக்கணும். என் அம்மி ஒத்தையாவே இருக்கட்டும்."

காத்தாயி வீரணனக் கிட்டக் கூப்பிட்டா. கன்னத்தத் தடவிப் பாத்தா. "உன் பேரு என்னப்பா?" "வீரணன்." அவ தலைய ஆட்டுனா. "நல்ல பேரு. என் பிள்ளைக்குப் பேரே வைக்கலையேப்பா. பேரு வைக்காத பிள்ளைதான வேணும்னாக. செத்தவனக் கூப்பிட்டு அழக்கூட எனக்கு ஒரு பேரு இல்லையே."

பூவாயிதான் சொன்னா. "இருக்கு மதினி. நாங்க ஊர் ஊரா ஓடி ஓடி ஒளிச்சு வச்ச பேரு ஒண்ணு இருக்கு. ஒத்தையம்மின்னு. இனிமே ஒளிக்கல. இன்னைல இருந்து அது அவன் பேரு. அவனுக்குத் தம்பிகதான் நாங்க எல்லாரும். எங்க பிள்ளைக, பிள்ளையோட பிள்ளைக, எல்லாரும் அவன் பேரத்தான் போட்டுக்குவாக."

அப்புறம் காத்தாயி அவுக வீட்டுலயே இருந்தா. வீரணன் அவளப் பெரியாத்தான்னு கூப்பிட்டான். அவ போன அன்னைக்கு அந்தக் குழவியையும் அவ மடியில வச்சே அடக்கம் பண்ணுனாக. மொத மண்ணு தள்ளுனவன் வீரணன்தான். அன்னைல இருந்து நம்ம வீட்டுல கல்யாணம்னா அம்மி மட்டுந்தான் வைப்போம், குழவி வைக்க மாட்டோம். நம்ம பொண்ணுக அம்மிய மிதிக்க மாட்டாக, தொட்டுக் கும்பிட்டுத்தான் எந்திரிப்பாக. நாளைக்கு உங்க அத்தையும் அப்படித்தான் எந்திரிப்பா, நீ பாரு.

"அப்பத்தா…"

என்ன தாயி?

"அப்ப நம்ம வீட்டுப் பேரு… அந்தச் செத்துப்போன பாப்பாவோட பேரா?"

ம்.

"அந்தப் பையனுக்கு இதெல்லாம் தெரியாதுல்ல?"

தெரியாது. நாளைக்குக் காப்பி குடிக்கும்போது நீயே சொல்லு. சிரிச்ச வாய் அப்படியே நிக்கிதா இல்லையா பாரு. சரி, கைய விடு, நகம் குத்துது. கதை கரை சேந்துருச்சு, நீ கண்ண மூடு.